மூட்டத்துக்குக் கிழக்கே

மலையடிவாரத்தில் ஒரு மடம். திருநீறு சுட்டுக் கொடுப்பதில் அந்த மடத்துக்கு நல்ல பேர். சாண உருண்டைகளை அடுக்கி, மேலே உமியைக் கொட்டி, சாயங்காலமானால் தீ வைத்து மூட்டம் போட்டுவிடுவார்கள்.

மடத்தை நடத்தியவர் உமையாள் அம்மை. சீடர் சொக்கலிங்கம் அவரைவிட வயதில் மூத்தவர். பிள்ளைகளிடம் குடும்பத்தை ஒப்படைத்துவிட்டுக் காவி கட்டியவர்.

"சிவராத்திரிக்கு நீறு பத்தாது அம்மா. இன்னொரு மூட்டம் போட்டாகணும்," என்றார் சொக்கலிங்கம்.

"போடலாம் ஐயா. இருக்கிற மூட்டத்தால யாருக்கு என்ன ஆகுதுன்னு முதல்ல பாத்துட்டு வாங்க."

காற்று கிழக்கே அடிக்கும். அங்கே ஒரு சின்னத் தெரு. மறுநாள் காலையில் போன சொக்கலிங்கம் வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டார்.

"வீடு வீடாக் கேட்டேன் அம்மா. ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லையாம்."

"எப்படிக் கேட்டீங்க?"

"நெத்தியில திருநீறு பூசிவிட்டேன். அப்புறம், நம்ம புகை தொந்தரவு பண்ணுதான்னு கேட்டேன்."

"நாளைக்குச் சாயங்காலம் போங்க. பூசாதீங்க, கேக்காதீங்க. சும்மா இருந்துட்டு வாங்க."

போனார். தெருமுனைக் குழாயடியில் உட்கார்ந்தார். மேற்கே மூட்டம் பற்றியது. புகை தாழ்ந்து வந்து தெருவுக்குள் படுத்துக்கொண்டது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. கொடியில் காய்ந்த துணியை உருவிக்கொண்டு ஓடினார்கள்.

ஒரு வீட்டிலிருந்து ராக்கம்மா வெளியே வந்தாள். இடுப்பில் மகள். பிள்ளையின் மூக்கில் ஈரத்துணி. நேற்று "மகராசனா இருங்க சாமி, எங்களுக்கு என்ன தொந்தரவு" என்று சொன்னவள் அவள்தான்.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"ஏரிக்கரைக்கு சாமி. இவளுக்கு மூச்சு இழுப்பு. அங்கயே படுத்திருந்துட்டு, புகை அடங்கினதும் வந்துருவோம்."

"தினமுமா?"

அவள் தலையாட்டிவிட்டு, ஈரத்துணியை மடித்துப் பிள்ளையின் மூக்கில் வைத்தாள்.

"நேத்துக் கேட்டேனே தாயி, சொல்லியிருக்கலாமே?"

"நீறு பூசிவிட்ட கைகிட்ட எப்படிச் சாமி குத்தம் சொல்றது? இவளுக்கு இழுப்பு நிக்கணும்னு நான் நெஞ்சுல தடவுறதே உங்க மடத்து நீறுதான்."

புகை சொக்கலிங்கத்தின் மூக்கில் ஏறியது. இருமினார்.

"அம்மா, இந்தச் சாமியையும் ஏரிக்குக் கூட்டிட்டுப் போவோமா?" என்றது பிள்ளை.

மடத்துக்குத் திரும்பியவர் அம்மையின் முகத்தைப் பார்க்கவில்லை. நடந்ததைச் சொன்னார். பூசிவிட்ட விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னொரு மூட்டம் வேண்டாம் அம்மா."

"எரியுற மூட்டம்?"

சொக்கலிங்கம் திரும்பி மூட்டத்தைப் பார்த்தார்.

"காத்து நம்ம பக்கம் அடிக்கல. நானும் நிம்மதியாத் தியானம் பண்ணிக்கிட்டு இருந்துட்டேன்," என்று எழுந்தார் அம்மை. கிணற்றடியிலிருந்து குடத்தைத் தூக்கி வந்து மூட்டத்தின் மேல் கவிழ்த்தார். புஸ்ஸென்றது. மறுகுடத்தைச் சொக்கலிங்கம் கொண்டுவந்தார். புகை நிற்கும்வரை இருவரும் ஊற்றினார்கள்.

கருஞ்சேறாகக் கிடந்ததைப் பார்த்துச் சொக்கலிங்கம் கேட்டார்:

"சிவராத்திரிக்கு ஊர் ஊரா வருவாங்க. கையை நீட்டிக்கிட்டு நிப்பாங்க. நீறு இல்லைன்னு எந்த முகத்தோட சொல்லுவேன் அம்மா?"

"கிழக்குத் தெருவுல ஒரு புள்ளை வீட்டுலயே படுத்துத் தூங்குதுன்னு சொல்லுங்க ஐயா."