மாடு என்ற சொல்லுக்குப் பொருள்

பொருநைக் கரையில் வயிரவனார் என்றொரு நிகண்டு ஆசிரியர் இருந்தார். பழஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லித் தருவது அவர் வேலை. அவரிடம் பாடம் கேட்ட ஆவுடையாள் அவரைவிட இருபது வயது மூத்தவள். பன்னிரண்டு மாடுகளை மேய்த்துப் பிழைத்தவள். ஐம்பது வயதில்தான் எழுத்தாணி பிடித்தாள்.

ஒருநாள் காலை ஓலையும் கையுமாக வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

“ஐயா, மாடு என்றால் செல்வம் என்று நேற்று எழுதச் சொன்னீர்கள். அந்த வரியை அடித்துவிடட்டுமா?”

“ஏன் அம்மா?”

“பண்ணையார் திருவேங்கடத்தின் ஆட்கள் என் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எல்லாம் தன்னுடையவை என்கிறார். சாட்சிக்கு ஆறு பேர் இருக்கிறார்கள். உச்சிப்பொழுதில் ஊர்ச்சபை கூடுகிறது. ஆள்பலம்தான் செல்வம் ஐயா. மாடு இல்லை.”

வயிரவனார் எழுந்தார். மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவளோடு கிளம்பினார்.

சபையில் ஆறு பேரும் சத்தியம் செய்தார்கள்.

“உனக்கு யார் சாட்சி?” என்று சபைத்தலைவர் கேட்டார்.

ஆவுடையாள் வயிரவனாரைப் பார்த்தாள்.

“பன்னிரண்டு சாட்சிகள் உண்டு” என்றார் வயிரவனார். “பண்ணையாரின் பட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். இருவரும் கூப்பிடட்டும்.”

பண்ணையார் சிரித்தார். புண்ணாக்குக் கூடையோடு பட்டி வாசலிலேயே நின்றுகொண்டார். ஆவுடையாள் தெருக்கோடியில் வெறுங்கையோடு நின்றாள்.

கதவு திறந்தது. முதலில் வந்தது கிழட்டுக் காரிப்பசு. வந்ததும் கூடைக்குள் தலையை விட்டது.

கூட்டம் முணுமுணுத்தது. ஆவுடையாள் இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள்.

“ஏ காரி! வா தாயி!”

காரி தலையைத் தூக்கியது. வாய் நிறையப் புண்ணாக்கு. அதை மென்றுகொண்டே, அவசரமில்லாமல், பண்ணையாரைத் தாண்டி நடந்தது. பின்னால் மற்ற பதினொன்றும் ஓடி வந்தன. கூடை உருண்டது. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாட்சிகள் ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். தீர்ப்பைச் சொல்ல எழுந்த சபைத்தலைவரின் குரல் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஆவுடையாளைச் சுற்றிப் பன்னிரண்டும் நெருக்கியடித்து நின்றன. கொம்புகளுக்கு நடுவிலிருந்து அவள் சிரித்தாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

“ஐயா, அந்த வரியை அடிக்க வேண்டாம். செல்வம் என்றே இருக்கட்டும்!”

“இருக்கட்டும். மாடு என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.”

“என்ன ஐயா?”

வயிரவனார் அவளை ஒட்டி நின்ற பன்னிரண்டையும் காட்டினார். “பக்கம்” என்றார்.