பிரிக்காத என்ஜின்

"பிரிக்காமலே கண்டுபிடிக்க முடியுமா அம்மணி?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

வசுமதி ஒரு காரின் அடியிலிருந்து தலையை வெளியே நீட்டினாள்.

"எதைங்க ஐயா?"

"அந்த வெள்ளிக் காரோட பேரிங்கை. பழசா, மாத்தினதா?"

அவள் ஊர்ந்து வெளியே வந்தாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

நாச்சிமுத்துவுக்கு அறுபத்தொரு வயது. கோவையில் ஒரு நூற்பாலையில் முப்பத்துநாலு வருடம் பிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே கார் வேலை கற்க வசுமதியிடம் வந்து சேர்ந்துவிட்டார். அவளுக்கு முப்பத்தாறு வயது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் எங்கெங்கிருந்தோ அவளைத் தேடி வரும்.

பட்டறை மலையடிவாரத்தில் இருந்தது. காலை நேரங்களில் மேகம் ஷட்டர் வரை இறங்கி வந்து நிற்கும். அப்போது உள்ளே இருக்கும் கார்கள் தண்ணீருக்கடியில் தூங்கும் மீன்களைப் போலத் தோன்றும்.

வெள்ளிக் காருக்கு இருபது வயது. அதை வாங்க ஆசைப்பட்டவள் நாச்சிமுத்துவின் மகள் யமுனா. வால்பாறையில் டாக்டர். வாரம் ஒருமுறை நாற்பது வளைவுகளில் இறங்கி, நாற்பது வளைவுகளில் ஏறுகிறவள்.

அந்த மாதிரிக் காரில், என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், ஒரு மூடிக்குப் பின்னால், உள்ளங்கையில் அடங்கும் பேரிங் ஒன்று உண்டு. முதலில் போட்டு வந்தது ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் உடையக்கூடும். உடைந்தால் என்ஜின் அந்த இடத்திலேயே இறுகி நின்றுவிடும். விவரம் தெரிந்தவர்கள் அதை எடுத்துவிட்டு, உறுதியான வேறொன்றைப் போட்டுக்கொள்வார்கள்.

இதில் போட்டிருக்கிறார்களா?

விற்கிறவருக்குத் தெரியவில்லை. அவர் மூன்றாவது கையாக வாங்கியவர். "பிரிச்சு வேணும்னாலும் பார்த்துக்குங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

யமுனா அப்பாவிடம் ஒன்றுதான் சொன்னாள். "நீங்க சொன்னாப் போதும்பா. கண்ணை மூடிட்டு மலையேறுவேன்."

"பிரிச்சா யாரு வேணும்னாலும் சொல்லிப்போடுவாங்க அம்மணி," என்றார் நாச்சிமுத்து. "மில்லுல நூல் சுத்தற ஸ்பிண்டில் ஆயிரம் ஓடும். எதுல பேரிங் போச்சுன்னு வாசல்ல நின்னே சொல்லுவேன். ஒருநாள்கூட தப்பினதில்லை."

"அப்பச் சரிங்க. பிரிக்காமலே சொல்லுங்க."

மறுநாள் அவர் காரின் பழைய காகிதங்களையெல்லாம் துழாவி ஒரு பில்லோடு வந்தார்.

"பாருங்க! 'பேரிங் மாற்றியது'ன்னு சீல் வெச்சுக் குடுத்திருக்கான்."

வசுமதி பில்லைத் தொடவில்லை.

"இந்தக் காருல மொத்தம் எத்தனை பேரிங்குங்க ஐயா?"

நாச்சிமுத்து விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். நாலு சக்கரம். ஆல்டர்னேட்டர். தண்ணீர் பம்பு. கியர்பாக்ஸ்.

விரல்கள் தீர்ந்துபோயின.

பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கு மறுநாள் என்ஜின் மூடியின் உட்புறத்தில் ஒரு ஸ்டிக்கரைக் கண்டுபிடித்தார். உறுதியான பேரிங் செய்கிற கம்பெனியின் ஸ்டிக்கர். நீலமும் வெள்ளையுமாக இருந்தது.

"பேரிங்கோட பெட்டிக்குள்ள இதையும் போட்டுத்தான் குடுப்பாங்க! இதுக்கு மேல என்ன வேணும்?"

வசுமதி நகத்தால் அதைப் பக்குவமாக உரித்தாள். வெளியே நின்ற தன் ஸ்கூட்டரின் மூக்கில் ஒட்டினாள்.

"என் வண்டியிலயும் மாத்தியாச்சுங்க."

"என்னைய நக்கல் பண்றீங்களா அம்மணி?"

"இல்லீங்க. ஒட்டுதான்னு பார்த்தேன்."

மூன்றாம் நாள் மதியம் யமுனாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அன்று காலை நாச்சிமுத்து காகிதம் எதையும் தேடவில்லை. ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"இன்னைக்குக் காதால கேக்கப் போறேன். வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க."

வசுமதி சாவியைத் திருப்பினாள்.

அவர் ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டார். கண்களை மூடினார்.

முதலில் எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்தது. மில்லின் கதவைத் திறந்ததும் வருமே, அதுபோல.

அவர் அதற்குப் பழகியவர். ஒவ்வொரு சத்தமாகப் பார்த்து, "நீ போ" என்று மனதுக்குள் சொன்னார். பெல்ட்டின் சத்தம் போயிற்று. பம்பின் சத்தம் போயிற்று. மூடிய கண்களுக்குள் பஞ்சு பறந்தது. வெள்ளை வெள்ளையாக, அவசரமில்லாமல், தரையைத் தொடாமல். அதன் நடுவே அவர் நடந்து போனார். இரு பக்கமும் ஸ்பிண்டில்கள் வரிசையாகச் சுற்றின. அவர் தாண்டிப் போகப் போக ஒவ்வொன்றாக அடங்கின.

கடைசி வரிசை வந்தது. அங்கே ஒரே ஒரு சத்தம் மிச்சமிருந்தது.

"கேக்குது," என்று முணுமுணுத்தார். "பேரிங் கேக்குது அம்மணி."

"எப்படிங்க இருக்கு?"

"டுப்... டுப்... டுப். ஒரே சீரா இருக்கு. பிசிறே இல்லை. புதுசுதான்!"

"இன்னும் கொஞ்சம் கேளுங்க."

அவர் கேட்டார். சத்தம் இன்னும் தெளிவாக வந்தது. இத்தனை சுத்தமாக அவர் எந்தச் சத்தத்தையும் கேட்டதில்லை. மகளின் கார் மேகத்துக்குள் வளைந்து வளைந்து ஏறிப் போவதுகூடத் தெரிந்தது.

சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தார்.

வசுமதி எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளர் பாதி காலியாகியிருந்தது. காரின் சாவி அவள் மடியில் கிடந்தது.

பட்டறையில் எதுவும் ஓடவில்லை.

"எப்ப நிறுத்தினீங்க?"

"பேரிங் கேக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்கு முந்தியே."

ஸ்க்ரூடிரைவர் இன்னும் அவர் காதில்தான் இருந்தது. டுப்... டுப்... டுப்.

அதைக் காதிலிருந்து எடுத்தார். சத்தம் நின்றது. இரண்டு விரல்களைக் கழுத்தின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். அங்கே அதே சத்தம், அதே சீராக, விரலில் தட்டியது.

அவர் வெகுநேரம் விரல்களை எடுக்கவில்லை.

செல்போன் அடித்தது. யமுனா.

"அப்பா, என்னாச்சு? புதுசா, பழசா?"

மேகம் ஷட்டரைத் தாண்டி உள்ளே வந்து, காரின் சக்கரங்களை மூடிக்கொண்டிருந்தது.

"தெரியாது கண்ணு," என்றார் நாச்சிமுத்து.

"யாருக்கு? உங்களுக்கா?"

"ஆமா. எனக்குத்தான்."

அவர் போனைக் கீழே வைத்தார்.

வசுமதி டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வெள்ளிக் காரின் பின்பக்கம் போனாள்.

"ஐயா," என்று அங்கிருந்து கூப்பிட்டாள். "கியர்பாக்ஸை இறக்கணும். அந்தப் பக்கம் பிடிங்க."