மேற்கு வரிசை விராலி

தேரித் தோட்டம் உண்டான கதையைச் சுயம்புலிங்கம் பல வருடங்கள் நம்பவில்லை. நம்பாமலேயே கேட்டார். நம்பாமலேயே அங்கே இருந்தார்.

கதை சின்னது. கடலோரத்துச் சிவப்பு மணல் காட்டுக்குத் தேரி என்று பெயர். காற்றடித்தால் அந்த மணல் எழுந்து நடக்கும். வேலியை மூடும், கிணற்றைத் தூர்க்கும். அங்கே பெரியவர் என்று எல்லோரும் அழைத்த ஒரு துறவி மடி நிறைய விதையோடு வந்தார். ஆவாரை, விராலி, கொளுஞ்சி. எல்லாம் வறட்சி தாங்கும் செடிகள். ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் விதைத்தார். "இனி உன் பாடு, மண் பாடு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றவில்லை. விதைத்ததெல்லாம் நின்றது. மணல் நின்றது. கிணறு பிழைத்தது.

"அப்புறம் நான் வந்தேன்" என்று முடிப்பார் வெயிலுகந்தாள்.

பெரியவர் காலமான பிறகு, தோட்டத்தை ஒட்டிய மடத்துக்கு அவர்தான் குரு. சுயம்புலிங்கத்தைவிடப் பத்து வயதாவது இளையவர். குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவைத் தாயே என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை.

சுயம்புலிங்கம் உப்பளத்தில் கங்காணியாக இருந்தவர். மனைவி போன பிறகு இங்கே வந்தார். உப்பளத்துக்காரனுக்கு ஒன்று தெரியும். கட்டிய பாத்தியெல்லாம் உப்பாவதில்லை. ஒன்று கரையும், ஒன்று கலங்கும், ஒன்று காரணம் சொல்லாமல் கெடும். அதனால் "விதைத்ததெல்லாம் நின்றது" என்ற சொல் மட்டும் அவர் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

கதை பொய்யென்றால் குரு பொய் சொல்கிறார். மெய்யென்றால் குறை தன் கையில். ஏனென்றால் அவர் விதைத்ததில் எந்த வருடமும் பாதிக்குமேல் தேறியதில்லை. முதலாவதை நினைக்கப் பயந்து, இரண்டாவதை நம்பத் தொடங்கியிருந்தார்.

பட்டுப்போனதைக் கண்ணில் வைத்திருக்க அவருக்குப் பிடிக்காது. வாரத்துக்கொருமுறை தோட்டத்தைச் சுற்றிவந்து, காய்ந்து நிற்கும் செடிகளைப் பிடுங்குவார். கட்டாகக் கட்டி மடைப்பள்ளிக்குக் கொண்டுபோவார். சமையல்காரர் கொம்பையாவுக்கு வாயெல்லாம் பல்லாகும்.

"நீரு வந்த பொறவுதான்வே இது தோட்டம் மாதிரி இருக்கு. முன்னால சுடுகாடு மாதிரில்லா கிடந்துச்சு."

காற்று வந்து முட்டும் பக்கத்துச் செடிகளான மேற்கு வரிசை வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே வந்தது. போன ஆடிக் காற்றில் அங்கே ஒரு இடம் திறந்துகொண்டது. அதன் வழியே நுழைந்த மணல், கிணற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் வந்து நின்றது. இன்னொரு ஆடி அப்படி வந்தால் கிணறு இருக்காது. அது மடத்துக்கு மட்டுமான கிணறு அல்ல. பக்கத்துக் குடியிருப்பு முழுக்க அதைத்தான் குடித்தது.

ஐப்பசியில் ஒரு மழை பெய்தது. திறந்த இடம் முழுக்கச் சுயம்புலிங்கம் விராலி விதைத்தார். முளைத்தது. இலையில் பசை மினுங்கியது. முழங்கால் உயரம் வருவதற்குள் மழை நின்றுபோனது. கார்த்திகை சும்மா போனது. மார்கழியில் பனிகூட ஒழுங்காக இறங்கவில்லை.

தை பிறந்ததும் அவர் குருவிடம் போனார்.

"தாயே, மேற்கு வரிசைக்குத் தண்ணி ஊத்தணும்."

வெயிலுகந்தாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஊத்துங்க."

சுயம்புலிங்கம் திகைத்தார். "ஊத்தக் கூடாதுன்னு விதி இருக்கே."

"யாரு போட்டா?"

"பெரியவர் கதையில..."

"கதை சொன்னேன் அண்ணாச்சி. விதி சொல்லல."

"அப்போ ஊத்தலாமா?"

"குடம் உங்க கையில. கிணறு அங்க இருக்கு. போய்ப் பாருங்க."

மறுநாள் விடியும்போது குடத்தோடு கிணற்றுக்குப் போனார். அவருக்கு முன்பே குடியிருப்புப் பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கிணற்றின் அடியில் ஊற்று மெல்லச் சுரந்தது. சுரக்கச் சுரக்க ஆளுக்கொரு வாளி. அந்த வாளியும் பாதி செம்மண்.

ரோசம்மாள் என்பவள் கயிற்றை இழுத்தபடியே கேட்டாள்.

"சாமிக்குக் குடிக்கவா, குளிக்கவா?"

"செடிக்கு."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லதாப் போச்சு" என்றாள் ரோசம்மாள். "ஏட்டி, வழி விடுங்க. செடி குடிச்ச மிச்சத்த நாம குடிச்சுக்கிடுவோம்."

யாரோ சிரித்தார்கள். ரோசம்மாள் சிரிக்கவில்லை. அவள் உண்மையாகவே வழி விட்டு நின்றாள். அதுதான் அவரைச் சுட்டது. காலிக் குடத்தோடு திரும்பினார்.

மாசி முடிவதற்குள் விராலி வரிசை முழுவதும் பட்டுப்போனது. தூரத்திலிருந்து பார்க்க, மணலில் யாரோ குச்சி குத்தி விளையாடிவிட்டுப் போனதுபோல் இருந்தது.

சுயம்புலிங்கம் தன் வேட்டி இரண்டையும் மடித்துப் பையில் வைத்தார். குருவிடம் வந்தார்.

"தாயே, நான் புறப்படுதேன்."

"எங்க?"

"தெரியல. இந்த மண்ணுக்கு என் கை ஆகல. பெரியவர் விதைச்சதெல்லாம் நின்னுச்சு. இந்த வருசம் நான் விதைச்சதுல ஒண்ணுகூட நிக்கல. ஆடிக்குள்ள வேற யாரையாவது வச்சு ஏதாவது செய்யுங்க. கிணறு தூர்ந்தா அந்தப் பொம்பளைங்க முகத்துல என்னால முழிக்க முடியாது."

சுயம்புலிங்கம் பையைத் தோளில் மாட்டினார்.

"போறதுக்கு முன்னால மேற்கே பட்டு நிக்கிறதைப் பிடுங்கிப் போட்டுட்டுப் போறேன். பாக்கச் சகிக்கல."

அப்போதுதான் வெயிலுகந்தாள் எழுந்தார்.

"அதுக்கு முன்னால ஒரு வேல இருக்கு. வாங்க."

கிழக்குப் பாத்திக்குக் கூட்டிப்போனார். பெரியவர் முதன்முதலில் விதைத்த இடம் அது. சின்ன மேடுபோல் உயர்ந்திருந்தது. அந்த வறட்சியிலும் மேலே ஆவாரை மஞ்சளாகப் பூத்து நின்றது.

ஒரு தூரைக் காட்டி, "தோண்டுங்க" என்றார். "வேர் அறாம, கையால."

சுயம்புலிங்கம் மண்டியிட்டு மணலை அள்ளினார். ஒரு சாண் ஆழத்தில் விரலில் குச்சி இடறியது. சாம்பல் நிறம். காய்ந்து இறுகிய பழைய ஆவாரைத் தூர். உயிருள்ள செடி அதன் முதுகில் சாய்ந்ததுபோல் முளைத்திருந்தது.

"இன்னும்."

அதற்கும் கீழே இன்னொன்று. அது உளுத்துப் பாதி மண்ணாகியிருந்தது. அதன் பக்கத்தில் ஒன்று. அதற்கும் அடியில் கை வைத்ததும் தூளாகும் சுள்ளிகள், படுக்கை படுக்கையாக. மேடு மணலால் ஆனது என்று அத்தனை வருடம் நினைத்திருந்தார். அது செத்த செடிகளால் ஆனதாக இருந்தது. மணல் அவற்றின்மேல் வந்து ஒதுங்கியிருந்தது.

"இது எந்த வருசத்துச் செடி தாயே?"

"மேல கிடக்கது நான் பாத்தது. அடியில உள்ளது எனக்குத் தெரியாது. பெரியவருக்கே தெரியுமோ என்னவோ. வருசா வருசம் விதைச்சாரு. பட்டது பட்ட இடத்துலயே நின்னுச்சு. காத்து வந்து அதுல முட்டுச்சு. அந்த மறைவுல ஒரு வருசம் ஒண்ணு தல தூக்கிச்சு."

சுயம்புலிங்கத்தின் கை மணலுக்குள்ளேயே நின்றுவிட்டது. மேற்கு வரிசையில் தான் வாரந்தோறும் பிடுங்கிக் கட்டிய கட்டுகள் கண்முன் வந்தன. ஒவ்வொரு கட்டாக. கொம்பையாவின் அடுப்பில் எரிந்ததெல்லாம் அந்த வரிசையின் சுவர்.

தலை நிமிராமல் கேட்டார். "நான் பிடுங்கும்போது நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீய?"

"ரெண்டு தடவ சொன்னேன். கிடக்கட்டும் அண்ணாச்சின்னேன். சுத்தமா இருந்தா நல்லதுதானேன்னு சொன்னீய."

"மூணாந்தடவை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்" என்றார் குரு. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

சுயம்புலிங்கம் அன்று புறப்படவில்லை. மடைப்பள்ளிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த சுள்ளிக்கட்டுகளைத் தோளில் சுமந்து மேற்கே கொண்டுபோனார். பட்டு நின்ற விராலிக்கு இடையிடையே ஒவ்வொன்றாக ஊன்றினார். வேர்ப்பக்கம் கீழே, கிளைப்பக்கம் மேலே, உயிருள்ள செடியை நடுவதுபோல.

கொம்பையா பின்னாலேயே வந்தார்.

"என்னவே செய்தீரு?"

"செடி நடுதேன்."

"செத்ததையா?"

"ஆமா."

கொம்பையா கொஞ்சம் யோசித்தார். "ஒரு விதத்துல நல்லதுதான். தண்ணி கேக்காது, வாடாது, பட்டுப்போகுமேன்னு கவலையும் இல்ல. ஆனா எனக்கு அடுப்புக்கு?"

"பனையோலை பொறுக்கும்."

"அது நின்னு எரியாதுவே. சோறு குழையும், பாத்துக்கிடும்."

சோறு குழைந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். சித்திரையில் ரோசம்மாள் இரண்டு பெண்களோடு வந்து பார்த்தாள். அவரை ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் தலைச்சுமையாக உடைமர முள் வெட்டிக் கொண்டுவந்து வரிசையின் ஓரத்தில் இறக்கினாள். "முள்ளா இருந்தா ஆடு வராது" என்று மட்டும் சொன்னாள்.

ஆனியில் காற்று கிளம்பியது. ஆடியில் ஊளையிட்டது. மடத்தில் யாரும் வாய் திறந்து பேச முடியவில்லை. பேசினால் பல்லில் மணல் நறநறத்தது. சுயம்புலிங்கம் தினமும் முண்டாசைக் கட்டிக்கொண்டு மேற்கே போய் நின்றார். மணல் வந்தது. சுள்ளிகளில் முட்டியது. அங்கேயே குவிந்தது. சில இடத்தில் சுள்ளியைப் புதைத்துக்கொண்டு அப்பால் வழிந்தது. அங்கே மேலும் ஊன்றினார். ஆடி முடிந்தபோது மேற்கே நீளமான கரை ஒன்று எழும்பியிருந்தது. கிணற்றில் ஊற்று சுரந்துகொண்டிருந்தது.

ஐப்பசி மழைக்குப் பின், கரையின் மறைவில் மறுபடியும் விராலி விதைத்தார். எத்தனை தேறும் என்று அவர் எண்ணவில்லை.

அந்த மாதம் மடத்தில் சேர ஒருவர் வந்தார். மில்லில் வேலை போனவர், நாற்பது வயது இருக்கும். தோட்டத்தைப் பார்த்து, இது எப்படி உண்டானது என்று கேட்டார். சுயம்புலிங்கம் தூணருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

வெயிலுகந்தாள் எப்போதும் சொல்வதுபோலவே சொன்னார். மடி நிறைய விதை. ஒரு மழை. விதைத்ததெல்லாம் நின்றது. மணல் நின்றது. கிணறு பிழைத்தது. அப்புறம் நான் வந்தேன்.

ஒரு சொல் மாறவில்லை.

வந்தவர் உறங்கப் போனதும் சுயம்புலிங்கம் குருவின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"தாயே, இன்னும் ஏன் அப்படியே சொல்லுதீய?"

"நின்னதைச் சொன்னாத்தான் விதைக்க வருவாங்க அண்ணாச்சி."

"பட்டதைச் சொல்லாததால நான் ஓடப் பாத்தேன்."

"ஆமா."

"அவரும் ஒருநாள் பைய எடுப்பாரு."

"எடுப்பாரு. அன்னைக்குக் கிழக்குப் பாத்திக்குக் கூட்டிப்போகணும். நான் இல்லாட்டா நீங்க."

சுயம்புலிங்கம் தலையாட்டினார். எழுந்திருக்க ஒரு கையை ஊன்றினார். பிறகு எழவில்லை. குருவின் முகத்தையே பார்த்தார். அத்தனை வருடமும் அந்த முகத்தில் வெயில் மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. இன்று அதன் அடியிலும் கிழக்குப் பாத்தி போல் ஏதோ புதைந்திருக்குமோ என்று தோன்றியது.

"கிணறு பிழைச்சுதுன்னு சொல்லுதீய. அப்புறம் நான் வந்தேன்னு சொல்லுதீய" என்றார் மெதுவாக. "அதுக்கு நடுவுல பெரியவர்கிட்ட வந்து, நிக்காமப் போனவுக யாரு தாயே?"