நீலப்பூ குடித்த தண்ணீர்

அந்தக் காலத்தில் செடிகளுக்கும் வாய் இருந்தது. தாகம் எடுத்தால் கேட்கும், வெயில் சுட்டால் திட்டும். வாய் இருந்ததே தவிர, பேச வேண்டிய நேரத்தில் அது திறக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மலைச்சரிவில் ஓர் ஊர். வீடு கட்டவே இடம் போதாத சரிவில் தோட்டத்துக்கு எங்கே போவது? ஜன்னலுக்கு வெளியே பலகைப் பெட்டி அடித்து, மண் நிரப்பி, அதில்தான் செடி வைப்பார்கள்.

அங்கே வெள்ளையம்மாள் என்று ஒரு கைம்பெண். அவளுக்கு ஒரே மகள் ராக்கு. ராக்கு தன் ஜன்னல் பெட்டியில் முதலில் கனகாம்பரம் வைத்தாள். பிறகு மலை உச்சியில், பாறை இடுக்கில் பூத்து நின்ற ஒரு செடியின் மேல் ஆசைப்பட்டு, அதை வேரோடு கொண்டுவந்து பக்கத்தில் நட்டாள். இன்று லாவெண்டர் என்கிறோமே, அதுதான். ஊரார் அதை நீலப்பூ என்றார்கள். அன்றைக்கு அதன் இலை பச்சைப் பசேலென்று இருந்தது.

பாறையில் இருந்தவரை மழை பெய்தால் குடித்தது, பெய்யாவிட்டால் சும்மா இருந்தது. தண்ணீர் கேட்கும் பழக்கமே அதற்குக் கிடையாது. பழக்கியவள் ராக்கு. தான் குடிக்கும் தண்ணீரில்கூட முதல் மடக்கை அதற்கு ஊற்றிவிட்டுத்தான் குடிப்பாள்.

"பாறையில பொறந்ததுடி அது. செல்லம் குடுத்துக் குட்டிச்சுவராக்காத" என்று வெள்ளையம்மாள் சத்தம் போடுவாள்.

"கேக்குதேம்மா. வாய் விட்டுக் கேக்குறத எப்படி இல்லேன்னு சொல்றது?" என்பாள் ராக்கு.

அந்தக் கோடையில் ஊற்று வற்றியது. அடிவாரத்துக்கு இறங்கிப் போய்த்தான் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும். பட்ட காலிலே படும் என்பார்கள். அதே கோடையில் ராக்குவுக்கு அம்மை போட்டது.

அம்மை கண்டவரை வேப்பிலை பரப்பிய பாயில் படுக்க வைத்து, அறைக் கதவைச் சாத்திவிடுவது அந்த ஊர்க் கட்டுப்பாடு. பெற்றவளே ஆனாலும் உள்ளே போகக் கூடாது. ஜன்னல் விளிம்பில் ஒரு சட்டித் தண்ணீர் வைத்துவிட்டு, எட்டிப் பார்க்காமல், பேச்சுக் கொடுக்காமல் திரும்பிவிட வேண்டும். பேசினால் ஆத்தா கோபித்துக்கொள்வாள். சட்டி காலியானால் உள்ளே இருப்பவர் குடிக்கிறார், பயமில்லை. தண்ணீர் அப்படியே இருந்தால், அம்மை வந்து தேறிய பூசாரி மட்டும் உள்ளே போய் வாயில் புகட்டுவார். ஆக, ராக்குவின் உயிர் அந்தச் சட்டியில் இருந்தது.

முதல் நாள் ராக்கு தட்டுத் தடுமாறி எழுந்து ஒரு மடக்குக் குடித்தாள்.

"எனக்கு?" என்று கேட்டது நீலப்பூ.

ராக்குவுக்குத் தொண்டையெல்லாம் கொப்புளம். பதில் சொல்ல முடியவில்லை. சுருண்டு படுத்துவிட்டாள். நீலப்பூ தண்டை வளைத்துச் சட்டிக்குள் தலையை விட்டு, மிச்சத்தை உறிஞ்சிக் குடித்தது.

"அடப்பாவி, அது அந்தப் புள்ளைக்கு வச்ச தண்ணி" என்றது கனகாம்பரம்.

"எனக்குக் குடுக்காம அவ என்னைக்குக் குடிச்சிருக்கா?" என்று சொல்லித் தலையை உதறியது நீலப்பூ. அதில் சில சொட்டுகள் கனகாம்பரத்தின் வேரில் சிந்தின. வறண்டு கிடந்த வேர் அல்லவா, சுகமாக இருந்தது. அதற்குப் பிறகு கனகாம்பரம் வாயே திறக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து ராக்கு எழுந்து வருவதற்குள்ளேயே சட்டி காலியாகிவிடும்.

வெள்ளையம்மாள் பூசாரி வீட்டுக்கு ஓடினாள். "சாமி, சட்டியில ஒரு சொட்டு மிச்சமில்ல!"

"அப்ப ஆத்தா எறங்குறா. நான் வர வேண்டியதில்ல தாயி. நல்லா ஊத்து."

அவள் இன்னும் பெரிய சட்டியாக வைத்தாள். காலில் முள் ஏறியதைக்கூடப் பார்க்காமல் அடிவாரத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். ஒரு நண்பகலில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றபோது, சட்டியை நகம் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. அடிவரை வழித்துக் குடிக்கிறாள் என் மகள் என்று அந்தத் தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பிறகு ஜன்னலில் எறும்பு ஏறியது. பூசாரி கதவைத் திறந்தார். ராக்கு ஜன்னலடியில் சாய்ந்து கிடந்தாள். உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு கை மட்டும் மேலே, வெறும் சட்டிக்குள் இருந்தது. வெளியே நீலப்பூ என்றைக்கும் இல்லாதபடி பெட்டி வழியப் பூத்து நின்றது.

வெள்ளையம்மாள் அந்தப் பூவையே பார்த்தாள். "எம் புள்ள குடிச்சாளா?"

கனகாம்பரம் தலையைத் தொங்கப்போட்டது. "இல்லம்மா. இதுதான் குடிச்சது. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நான் கேட்டுட்டுத்தான் குடிச்சேன். வேணாம்னு அவ சொல்லலையே" என்றது நீலப்பூ.

ராக்குவைப் புதைத்தார்கள். அவள் பாயையும் துணியையும் வழக்கப்படி எரித்தார்கள். வெள்ளையம்மாள் ஒரே ஒரு பாவாடையை மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்தாள்.

"அந்தச் செடியப் பிடுங்கி எறி தாயி" என்றார் பூசாரி.

"பிடுங்கினா உடனே செத்துரும் சாமி. அது இருக்கட்டும்."

பாய் எரிந்த சாம்பலை முறத்தில் அள்ளிவந்து நீலப்பூவின் தலையில் கொட்டினாள். இலை இலையாகத் தேய்த்தாள். "எம் புள்ள தண்ணியக் குடிச்சு வளந்த நீ. இனிமே தண்ணிதான் உனக்கு எமன். ஆசையா ஊத்துறவ கையாலேயே நீ அழுகிச் சாவணும். பாத்துக்கிட்டே சும்மா இருந்தீங்களே, செடின்னு பொறந்த உங்க ஒருத்தருக்கும் இனிமே வாய் வேணாம்!"

நீலப்பூ ஏதோ சொல்ல வந்தது. சத்தம் வரவில்லை.

மழை திரும்பியபோது நீலப்பூவின் வேர் ஊறி அழுகத் தொடங்கியது. வெள்ளையம்மாள் அதன் பூவையெல்லாம் அறுத்து, ஒரு துளி ஈரமும் இல்லாமல் வெயிலில் காயப்போட்டு, துணிப்பெட்டிக்குள் ராக்குவின் பாவாடை மடிப்பில் வைத்துப் பூட்டினாள். காய்ந்து சருகான அந்தப் பூ, அந்தத் துணியில் ஒரு பூச்சியையும் அண்டவிடவில்லை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மணத்தது. வெள்ளையம்மாள் அதை மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். கடைசிவரை அவள் அந்தச் செடிக்கு ஒரு கை தண்ணீர் விடவில்லை. அழுகாமல் மிஞ்சிய வேரிலிருந்து துளிர்த்த கன்று அதனால்தான் பிழைத்தது.

அன்று முதல்தான் லாவெண்டர் இலையில் எத்தனை மழை பெய்தாலும் கரையாத சாம்பல் நிறம். அன்று முதல்தான் ஜன்னலில் அதை வைத்து ஆசை ஆசையாகத் தண்ணீர் ஊற்றுகிறவர் கையில் அது அழுகிச் சாகிறது, போதும் என்று சொல்ல வாயில்லாமல்.