திருப்பிய கை

கும்பகோணத்தில் அரசலாற்றங்கரையோரம் இன்னாசியின் பட்டறை இருந்தது. பழைய கார்களை மட்டும்தான் எடுத்துச் செய்வார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தவள் தையல்நாயகி. அவரைவிட நன்றாகவே மூத்தவள். தபால் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவள் புருஷன் மகாலிங்கத்திடம் அவருடைய அப்பா காலத்து ஃபியட் ஒன்று இருந்தது. ஒரு பங்குனி மாதம் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய்விட்டு அதில் இருவரும் ஊர் திரும்பினார்கள். அவர் ஓட்டினார். அவள் பக்கத்து சீட்டில் தூங்கிப்போனாள். சத்தம் கேட்டுக் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எதிரே தப்பான பக்கத்தில் மணல் லாரி வந்திருக்கிறது. கார் இடது பக்கமாக ஒடித்துத் திரும்பியிருந்தது. லாரி மோதியது மகாலிங்கம் உட்கார்ந்திருந்த பக்கம். அவர் அங்கேயே போய்விட்டார். அவளுக்கு மணிக்கட்டில் ஒரு முறிவு, அவ்வளவுதான்.

துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர், உன்னைக் காப்பாற்றத்தான் ஒடித்திருக்கிறார், புண்ணியவான் என்றார்கள். மீதிப் பேர், அந்த நேரத்தில் யாருக்கு யோசனை ஓடும், வண்டி தானாக இழுத்திருக்கும் என்றார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டாள். இரண்டில் எதை நம்பினாலும் சோறு இறங்கவில்லை. அவர் தெரிந்து திருப்பியிருந்தால், இந்த உயிர் அவர் தன்னுடையதை விட்டுக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு எப்படிப் பூண்டு உரிப்பது, எப்படி அடுத்த வீட்டுக்காரியோடு சிரிப்பது? தெரியாமல் திரும்பியிருந்தால், இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் கடைசி நொடியில் அவளை நினைக்கவே இல்லை.

உறவுக்காரர்கள் காரைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். அவள் இன்னாசியின் பட்டறைக்கு அனுப்பினாள்.

பின்னாலேயே அவளும் போனாள். அப்போது யாரோ ஒருவருடைய கார் ஸ்டீயரிங்கை இன்னாசி கழற்றி வைத்திருந்தார். வளையத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கையால்தான் ஓட்டுவீர்கள் போலிருக்கிறது, மற்ற கை ஜன்னலில் இருக்குமோ என்று கேட்டார். கார்க்காரர் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார்.

தையல்நாயகி அந்த இடத்திலேயே, எனக்கும் இந்த வேலையைக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாள். இன்னாசி முடியாது என்றார். மறுநாளும் வந்து நின்றாள். அதற்கடுத்த நாளும். அவர் அவள் கையில் உப்புத்தாளைக் கொடுத்தார்.

மழைக்காலம் வந்து போனது. கதவு தேய்த்தாள், துரு சுரண்டினாள், நட்டு எது போல்ட் எது என்று தெரிந்துகொண்டாள். ஃபியட்டின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. அதன் ஸ்டீயரிங்கை மட்டும் அவள் யாரையும் தொட விடவில்லை. அது கோணிச் சாக்கில் சுற்றியபடி சுவரில் தொங்கியது.

கார் முடியப்போகும் சமயத்தில் ஒரு நாள் அதை இறக்கி அவர் முன் வைத்தாள். வளையம் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. மேலிருந்த தந்த நிறப் பூச்சு உடைந்து உள்ளே இரும்பு தெரிந்தது.

"எனக்குப் பார்த்துச் சொல்லத் தெரியலை மாஸ்டர். கத்துக்கிட்டா தெரியும்னு நினைச்சேன். நீங்க பார்த்துச் சொல்லுங்க. தெரிஞ்சு திருப்பினாரா?"

அவள் எதற்காக வந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் வெகுநேரம் பார்த்தார்.

"கையை விடலை. கடைசி வரைக்கும் புடிச்சிருக்கார்."

"எதுக்காகப் புடிச்சார்?"

இன்னாசி ஸ்டீயரிங்கைத் திரும்பவும் சாக்கில் சுற்றினார். மடங்கிய இரும்பை நிமிர்த்தினால் ஓட்டும்போது ஒடியும், வேறுதான் போட வேண்டும் என்றார். புதுச்சேரியில் பழைய சாமான் கடை ஒன்றிலிருந்து அதே மாதிரி ஒன்றை வாங்கி வந்தார். அதுவும் வெயிலில் கிடந்து வெடித்ததுதான்.

"இதைச் சரி பண்ணுங்கக்கா. அப்புறம் பேசுவோம்."

அவள் கோபத்தோடுதான் உட்கார்ந்தாள். வெடிப்பின் மேல் அப்படியே எம்சீல் பசையை அப்பினாள். காய்ந்ததும் விரல் பட்டு உதிர்ந்தது. வெடிப்பை அரத்தால் இன்னும் அகலப்படுத்தினால்தான் உள்ளே பிடிக்கும் என்று இன்னாசி காட்டினார். இருந்த வெடிப்பையெல்லாம் பெரிதாக்கினாள். அடைத்தாள், காயவிட்டாள், தேய்த்தாள், மறுபடி அடைத்தாள். தேய்க்கிறபோது சில நாள் அழுதாள். அவர் அந்தப் பக்கம் வரவில்லை. கடைசியில் பூச்சு அடித்துக் காய்ந்தபோது வளையம் உரித்த நுங்கு மாதிரி வழுவழுவென்றிருந்தது.

அவளையே மாட்டச் சொன்னார். மாட்டி, சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்த்து, நட்டை இறுக்கினாள். இன்னாசி போய் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

கல்யாணமான புதிதில் மகாலிங்கம் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு அவள் அதிகம் ஓட்டியதில்லை.  ஆற்றங்கரைப் பாதையில் மெதுவாகப் போனாள். பாலம் தாண்டியதும் கியர் மாற்றினாள். கொஞ்சம் வேகமாகவே போனாள்.

அப்போது இடது கரையிலிருந்து ஒரு ஆட்டுக்குட்டி துள்ளி நடுப்பாதையில் விழுந்தது.

கார் வலது பக்கம் ஒடிந்து வேலிக்காத்தான் புதருக்குள் போய் நின்றது. திறந்திருந்த ஜன்னல் வழியாக முள் உள்ளே வந்து அவள் தோளிலிருந்து முழங்கை வரை கிழித்திருந்தது. இன்னாசியின் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

 எஞ்சின் அணைந்திருந்தது. அவள் இன்னும் ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்திருந்தாள்.

"எந்தப் பக்கம் முள்ளு, எந்தப் பக்கம் நான்னு பார்த்தா திருப்புனீங்க?"

"இல்லை."

"குட்டியைப் பார்த்தா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். குட்டியைப் பார்த்தது ஞாபகம் இருந்தது. புதருக்குள் கார் நின்றது ஞாபகம் இருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை.

"தெரியலை மாஸ்டர். கை திரும்பிடுச்சு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. முகம் ஸ்டீயரிங்கின் மேல் கவிழ்ந்தது. மகாலிங்கம் செத்த அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. இன்னாசி தடுக்கவில்லை. துணியை எடுத்து அவள் கை ரத்தத்தை மட்டும் ஒற்றினார்.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"அப்போ அவரு என்னை நினைக்கலையா? எனக்காகன்னு நினைச்சுத் திருப்பலையா? அப்ப நான் பொழைச்சதுக்கு என்னதான் அர்த்தம்?"

இன்னாசி தன் பக்க ஜன்னல் வழியே பாதையைக் கை காட்டினார்.

"குட்டியைப் பாருங்கக்கா. ஆத்தாகிட்ட முட்டி முட்டிப் பால் குடிக்குது."