மோர் குடிக்காதவர்களின் வயிறு

“மூணு வீட்டுல வயித்துப்போக்கு. மூணு பேரும் உன் மோரைக் குடிச்சவங்க. போர்டைப் பாரு.”

எங்கள் குடியிருப்புச் செயலாளர் கோதண்டபாணி, வாசலில் மோர் விற்கும் சிந்தாமணியிடம் இதையே மூன்றாம் முறையாகச் சொன்னார். கூடியிருந்த நாங்களும் தலையாட்டினோம். வாசல் போர்டில் அவர் சாக்பீஸால் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து நானே மோர் வாங்கவில்லை.

“உன் மோரால இல்லேன்னு இப்பவே நிரூபி. முடியலேன்னா நாளையிலேருந்து கேட் பக்கம் வராதே.”

இல்லை என்பதை எப்படி நிரூபிப்பாள்? பானையை மூடிவிட்டு நிதானமாகக் கேட்டாள். “வயிறு சரியில்லேன்னு வந்த எல்லாரையும் எழுதினீங்களா சார்?”

“மோர் குடிச்சீங்களான்னு கேட்டேன். குடிச்சவங்களை எழுதினேன். மத்தவங்க எதுக்கு?”

“சும்மா தெரிஞ்சுக்கத்தான் சார். என் மோரைத் தொடாம வயித்தால போனவங்க கொஞ்சம் கையைத் தூக்குங்கம்மா.”

கூச்சத்தோடு ஒரு கை எழுந்தது. பிறகு நாலு, ஏழு. ஒன்பதாவது கை செயலாளரின் மனைவி கோமளவல்லியுடையது. கணவரைப் பார்க்காமலே இன்னொரு கையையும் தூக்கினார். “இது இவருக்கு. பாக்கெட் மோர் தவிர வேற மோரைத் தொடமாட்டார். ரெண்டு நாளா பாத்ரூமிலதான் பேப்பர் படிக்கிறார்.”

சிரித்தோம். சிரித்துக்கொண்டே போர்டைப் பார்த்தேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. மூன்று பேரும் நிஜமாகவே மோர் குடித்தவர்கள்; குடிக்காதவர்கள்தான் அதில் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

சிந்தாமணி கீழே கிடந்த சாக்பீஸை எடுத்து நீட்டினாள். “போர்டுல இடம் நிறைய இருக்கு சார். இந்தப் பத்து பேரையும் எழுதிடுங்க.”

அதை வாங்க ஒரு கையும் நீளவில்லை.