வடக்கு கோல் போஸ்ட்டில் புதைத்த எலுமிச்சம்பழம்

என் சலூனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் முடியைவிடப் பேச்சுதான் அதிகம் விழும். பேசுகிறவர் பெரும்பாலும் காஸ்பர் அண்ணாச்சி. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவர் சொல்வதில் பத்தில் ஒன்றை எடுத்து, அதையும் பாதியாக மடித்துத்தான் நான் நம்புவது. கடற்கரை காலேஜ் ஃபுட்பால் டீம் என்றால் அவருக்கு உயிர். அங்கே அவர் படித்ததில்லை. காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தே ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார்.

அன்றைக்கு அவருக்குத் தீபாவளி. பரம எதிரியான மேட்டு காலேஜ், வெள்ளிக்கிழமை காலிறுதியில், போன வருஷம்தான் டீமே ஆரம்பித்த ஒரு கேட்டரிங் காலேஜிடம் ஒரு கோலில் தோற்றிருந்தது. மேட்டு காலேஜ் கோச் பொனிபாஸ் சாருக்கு இரண்டு வருஷமாகவே நேரம் சரியில்லை. இந்தக் கோப்பையும் போனால் நீங்களும் போகலாம் என்று நிர்வாகம் எழுதியே கொடுத்திருந்தது.

மேட்டு காலேஜ் ரசிகரான இசக்கிராஜா, முகம் நிறைய சோப்பு நுரையோடு என் நாற்காலியில் சிக்கியிருந்தார். அண்ணாச்சி விடுவாரா?

"எங்களைப் பாரும்வே. எங்க கோச் வேலையை விட்டுட்டு மஸ்கட்டுக்குப் போயி ஒரு மாசமாச்சு. கோச்சே இல்லாம செமி ஃபைனலுக்கு வந்துட்டோம். நீங்க கோச்சை வச்சுக்கிட்டுல்லா தோத்தீங்க!"

"ஒரு கோல்தானே," என்றார் இசக்கிராஜா, நுரை வாய்க்குள் போகாமல்.

"யாருகிட்ட வாங்குன கோலுவே? கேட்டரிங் பயலுவோ பாதிப்பேரு பரோட்டா மாவு கையோட வந்தானுவோ. கோல் காக்குத கோலி, அடுப்புல இருந்து சட்டி இறக்குத துணியைக் கையில சுத்திக்கிட்டு நின்னான். உங்க பொனிபாஸு என்ன செஞ்சாரு தெரியுமா? போர்டுல திட்டம் போட்டாரு. அங்க ஒரு அம்புக்குறி, இங்க ஒரு அம்புக்குறி. போர்டு பத்தாம செவுத்துல போட்டு, செவுரும் பத்தாம ரோட்டுல போட்டாரு. வலது பக்கம் காக்குத உங்க ரைட் பேக் பய அம்புக்குறியைப் பாத்துக்கிட்டே ஓடுனவன் கேட்டைத் தாண்டிட்டான். பஸ் ஸ்டாண்டு வந்துட்டு. ஏறி உக்காந்துட்டான். திருச்செந்தூர்ல இறங்கி போன் பண்ணுதான், 'சார், நீங்க சொன்ன இடத்துக்கு வந்துட்டேன், பந்து இன்னும் வரலியே'ன்னு!"

"ரைட் பேக் கடைசி வரைக்கும் கிரவுண்டுலதான் நின்னான். நான் பாத்தேன்."

"நீரு பாத்தது அவன் தம்பியா இருக்கும். குறுக்க பேசாதேயும். அவனைத் திரும்ப வரச் சொல்லி பொனிபாஸு ஒரு சத்தம் போட்டாரு பாரும், நான் அப்ப கிரேன் மேல இருக்கேன். துறைமுகத்துல நின்ன ஒரு கப்பல்காரன் சங்கு ஊதிட்டாங்கன்னு நினைச்சு நங்கூரத்தைத் தூக்கிட்டான். சரக்கு ஏத்தாமலே கொழும்பு போய்ச் சேந்துட்டான்!"

"கிரேன் மேல இருந்தீருன்னா ஆட்டத்தை எப்படிவே பாத்தீரு?"

"கிரேனை அந்தப் பக்கம் திருப்பி வச்சுல்லா பாத்தேன்." அண்ணாச்சி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "இதெல்லாம் விடும். எலுமிச்சம்பழக் கதைக்கு வாரேன்."

இசக்கிராஜாவின் கழுத்து என் கத்திக்கு அடியில் விறைத்தது. ஏனென்றால் அது மட்டும் உண்மை. ஆட்டத்தன்று விடியற்காலையில் பொனிபாஸ் சார் மந்திரித்த எலுமிச்சம்பழம் ஒன்றை வடக்கு கோல் போஸ்ட்டுக்கு அடியில் புதைத்திருந்தார். ஊரே பார்த்தது. அவர் டீம் முதல் பாதியில் காத்ததும் அந்தப் பக்கம்தான்.

"பழம்னா பழமாவே அது? தேங்கா தண்டி! முத பாதியில கேட்டரிங் பயலுவோ அடிச்ச பந்தெல்லாம் போஸ்ட்டு பக்கத்துல வந்து, கும்பிடு போட்டுட்டுத் திரும்பிப் போச்சு. பொனிபாஸுக்கு ஒரே சந்தோசம். பாதி ஆட்டம் முடிஞ்சுதா? பக்கம் மாறுச்சுதா? பழம் மாறலியே! இப்ப அந்தப் போஸ்ட்டுல நிக்கது கேட்டரிங் கோலி. உங்க பய அடிச்ச பந்து வடக்க போச்சு, பழத்தைப் பாத்துச்சு, மரியாதையாத் திரும்பி நடந்து வந்துச்சு. கேட்டரிங் பயலுவோ ஒருத்தனும் தொடலை. நடுக்கோட்டுல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கானுவோ. பந்து அவனுவளைத் தாண்டி, உங்க கோலிகிட்ட வழி கேட்டு, தானா உள்ள போயிட்டு!"

காத்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அதுக்கப்புறம் பொனிபாஸு அழுதாரு பாரும். அந்தக் கண்ணீருக்குப் பாத்தி கட்டி, வெயில்ல காயவச்சு, மூணு மூட்டை உப்பு எடுத்தானுவோ. அந்த உப்பையும் கேட்டரிங் காலேஜ்தான் சமையலுக்கு வாங்கிட்டுப் போச்சு!"

எனக்குச் சுருக்கென்றது. பொனிபாஸ் சார் பதினெட்டு வருஷமாக என்னிடம் முடி வெட்டிக்கொள்கிற மனுஷன். அந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கே வந்திருந்தார். "முப்பது வருஷமா கோச்சா இருக்கேன் செல்லையா, பக்கம் மாறும்ங்கிறது அன்னைக்கு மறந்துபோச்சு," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தார். வேலை போனதையும் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்.

"இப்ப எங்கவே அந்த ஆளு? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களாமே. ஊரை விட்டு ஓடியிருப்பாரு," என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி," என்றேன். "நாளைக்குப் புது வேலையில சேருதாராம்."

"எங்க? எலுமிச்சந் தோட்டத்துலயா?"

"கடற்கரை காலேஜ்ல. கோச்சா. நேத்து சாயங்காலம் உங்க பிரின்சிபால் ஆர்டரைக் கையிலயே கொடுத்துட்டாராம். சனிக்கிழமை கேட்டரிங் காலேஜோட செமி ஃபைனலுக்கு உங்க டீமைக் கூட்டிட்டு வரப்போறது அவருதான்."

அண்ணாச்சி மடியில் கிடந்த பேப்பரை எடுத்தார், நான்காக மடித்தார், திரும்பப் பிரித்தார். அரை நிமிஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் இவ்வளவு நேரம் என்னவே சொல்லிக்கிட்டு இருந்தேன்? அந்த மனுஷன் மூளையைப் பத்தித்தானே! முப்பது வருஷ கோச்சுக்குப் பக்கம் மாறும்னு தெரியாதா? தெரிஞ்சேல்லா புதைச்சாரு! செமியில எங்களுக்கு லேசான டீம் வரணும்னு அன்னைக்கே கணக்குப் போட்டுட்டாரு. சோறு உங்க வீட்டுல, வேலை எங்க வீட்டுக்கு! அந்தப் பழம் சும்மா பழமில்லவே. இன்னும் மண்ணுக்குள்ள இருந்து எங்களுக்காகக் காவல் காத்துக்கிட்டு இருக்கு. சனிக்கிழமை அதே கிரவுண்டு, அதே போஸ்ட்டு! பத்து கோலு எழுதி வச்சுக்கிடும்!"

இசக்கிராஜா எழுந்தார். துண்டை எடுத்து மிச்ச நுரையைத் துடைத்தார். காலையில் இருந்து முதல் முறையாகச் சிரித்தார்.

"அப்ப சனிக்கிழமை நீரும் ஒரு மண்வெட்டியோட போவும். இடைவேளையில தோண்டித் தெற்க கொண்டுபோய் வைக்க ஆளு வேணும்லா."